முதல் மனை வாங்கத் தயங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் தம்பி ஒருவர் மனை பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வருஷத்தில் அது அவர் பார்க்கும் இருபதாவது மனையாம். "இதுல எத்தனை மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீங்க தம்பி?" என்று கேட்டேன். ஒரு மனை மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்தான் வில்லங்கம். ஒன்றுக்குக்கூட அவர் அதைப் பார்க்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன் நானும் இப்படித்தான் சுற்றினேன். அங்கீகாரம் பாருங்கள், பட்டா பாருங்கள் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

மண்ணை மட்டும் பார்ப்பது

ரோட்டையும் கல்லையும் எத்தனை முறை பார்த்தாலும் தயக்கம் போகாது. நம் பயமெல்லாம் பத்திரத்தைப் பற்றியது. மனை பிடித்தால் அன்றே சர்வே எண்ணையும் பத்திர நகலையும் கேளுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமலே பார்க்கலாம். வருவாய்த் துறையின் தளத்தில் பட்டாவும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடும் கிடைக்கும். நகல் தர இழுத்தடிப்பவரின் மனையை அத்தோடு விட்டுவிடலாம்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது

அப்படிக் காத்திருந்து வாங்கியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

தயக்கம் உடைந்த அன்றே அட்வான்ஸ் கொடுப்பது

மூன்று வருஷம் தயங்கினேன். நான் வேண்டாம் என்று விட்ட மனையை நண்பன் வாங்கி, வீடு கட்டி, கிரகப்பிரவேசப் பத்திரிகையும் கொண்டுவந்து கொடுத்தான். அந்த உறுத்தலோடு அடுத்த வாரமே செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனையைப் பார்க்கப் போனேன். "நாளைக்குக் காலையில வேற பார்ட்டி வர்றாங்க சார்" என்றார் புரோக்கர். அன்று சாயங்காலமே இரண்டு லட்சம் கொடுத்தேன். கையில் இருந்தது வெள்ளைத்தாளில் எழுதிய ஒரு ரசீது.

வில்லங்கம் பார்த்தது மறுநாள். சுத்தமாக இருந்தது, நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் பத்திரம் விற்பவருடைய அப்பாவின் பெயரில் இருந்தது, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தார். ஒருவர் இறந்ததால் பிள்ளைகளுக்கு வரும் உரிமை பதிவு அலுவலகத்துக்கே போவதில்லை. அதனால் வில்லங்கத்திலும் அது தெரியாது. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. விற்பவருக்கு இரண்டு தங்கைகள் உண்டு என்பது வக்கீல் வாரிசுச் சான்றிதழ் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தங்கை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நியாயம் அவர் பக்கம்தான். பதினாலு மாதம் அலைந்து ஒன்றரை லட்சத்தை மீட்டேன்.

இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. மூன்று வருஷம் கையில் இருந்தது. அதில் ஒரே ஒரு நாள் வக்கீலிடம் உட்கார்ந்து, எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தால் போதும். புதிதாக வருபவர்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. வருஷக்கணக்கில் தயங்குகிறார்கள், ஒரே சாயங்காலத்தில் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

வேறு பார்ட்டி வந்தால் வரட்டும், வாங்கிக்கொள்ளட்டும். அட்வான்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சிறு தொகையை வங்கி வழியாகக் கொடுங்கள். வக்கீல் பார்த்துக் குறை சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரவேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பெரிய தொகை என்றால் கிரய (விற்பனை) ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகுதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் கீழ் வரும் லேஅவுட் என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க, மனை போட்டு விற்கும் புரோமோட்டருக்கு உரிமையே இல்லை.

பத்திரச் செலவை ஒதுக்காமல் இறங்குவது

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய் தனியாக வேண்டும். கடைசி நேரத்தில் பின்வாங்கும் பலருக்கு உண்மையில் இந்தப் பணம்தான் இடிக்கிறது.

பத்துப் பேரிடம் யோசனை கேட்பது

ஒரு நல்ல சிவில் வக்கீல் போதும்.

அன்று திரும்பும்போது தம்பி காரில் இருந்தபடியே புரோக்கருக்குப் போன் போட்டுச் சர்வே எண்ணைக் கேட்டார். செவ்வாய்க்கிழமை பத்திர நகல் வந்தது. இப்போது அது வக்கீல் மேஜையில் இருக்கிறது.