புதிய பிக்கப்பைக் கொடுத்துப் பழையதை மாற்றிக்கொள்ளும்போது

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் வெளியான டீசல் பிக்கப்புகளில் உள்ள புகை வடிகட்டி, ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிகளில் கரி அடைத்துத் தொல்லை தருவதால், காய்கறி, தண்ணீர் கேன் ஏற்றுவோர் சிலர் அதற்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி வந்த வண்டிக்கு மாற நினைப்பது நியாயமே. ஆனால் எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வண்டியின் மேல் கடன் இருந்தால், அதை அடைத்து, நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-உம் பெற்று, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) அடமானப் பதிவை நீக்கிய பிறகே பேச்சைத் தொடங்குங்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், சரக்குத் தொட்டிக்கு அடியில் படுத்து, பின்பட்டை (பின் ஸ்பிரிங்) பிடிக்கும் இடத்தில் சேஸிஸ் எனும் அடிச்சட்டம் துருவேறியிருக்கிறதா, வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள்.

விலை வித்தியாசத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். இரண்டு வண்டிகளுக்கும் தனித்தனியே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்து, பெயர் மாறிய ஆர்சியைக் கண்ணால் பார்க்கும்வரை தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருங்கள்; பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.