வினைல் ஒட்டிய சக்கரமும் பிளேடு போட்ட கோடும்

போன மாதம் அக்காள் மகன் தன் காரின் சக்கரங்களைக் கழற்றிப்போட்டு, அவற்றுக்குக் கருப்பு வினைல், அதாவது நிறம் மாற்ற ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம், ஒட்ட உட்கார்ந்தான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அரை மணி நேரத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன்பு நான் செய்த தவறுகளை அவன் வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தான். குமிழி விழக் கூடாது, தூசி பறக்கும் இடத்தில் ஒட்டக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியவரும். ஒட்டும்போது சரியாகத் தோன்றிப் பிறகு காலை வாருகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கழுவியாயிற்று என்ற நம்பிக்கை

ஷாம்பூ போட்டுத் தேய்த்தால் சக்கரம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் விரல் நுனியால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். பிரேக் பிடிக்கும்போது பறக்கும் சூடான இரும்புத் துகள்கள் பெயின்டில் பதிந்துவிடுகின்றன. சோப்புத் தண்ணீருக்கு அவை அசையாது. இரும்புத் துகளைக் கரைக்கவென்றே விற்கும் திரவத்தைத் தெளித்தால் ஊதா நிறத்தில் வழியும். ஊதா வழிவது நிற்கும்வரை தெளித்துக் கழுவுங்கள். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. டயரை ஒட்டிய விளிம்பை மறக்க வேண்டாம். டயர் பாலிஷின் சிலிகான் பதுங்கியிருப்பது அங்கேதான். வினைல் முதலில் கிளம்புவதும் அங்கேதான்.

சக்கரத்தின் மேல் வைத்தே வெட்டுவது

ஆரக்கால் முழுவதும் ஃபிலிமைப் போர்த்தி, விளிம்போடு பிளேடை ஓட்டினான் பையன். "மாமா, கோடு எவ்வளவு நேராக வந்திருக்கிறது பாருங்கள்" என்றான். நேராகத்தான் வந்திருந்தது. நான் கவனித்தது கோட்டை அல்ல, சத்தத்தை. வினைலை மட்டும் வெட்டுகிற பிளேடு அநேகமாகச் சத்தமே போடாது. மெல்லிய 'கிர்ர்' கேட்டால் அது வினைலைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

கணக்கைப் பாருங்கள். நல்ல ஃபிலிம், பசையோடு சேர்த்தே 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். அதற்கடியில் அலாய் (அலுமினியக் கலவை) சக்கரத்தைக் காக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு அதைவிடவும் மெல்லியது. கை இவற்றைப் பிரித்தறியும் என்று நம்புவது வெறும் அகங்காரம். எனக்கும் அந்த அகங்காரம் நிறைய இருந்தது. என் முதல் காரின் சக்கரங்களைப் பார்த்தவர்கள், வெட்டு எவ்வளவு சுத்தம் என்று வியந்தார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து நிறத்தை மாற்றலாம் என்று உரித்தேன். நான் பிளேடு ஓட்டிய கோடுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக நூல்கள் கிளம்பி, புழு ஊர்ந்த தடம்போலக் கிளியர் கோட்டுக்கு அடியில் நெளிந்து பரவியிருந்தன. கீறல் வழியே ஈரமும் உப்பும் இறங்கி அலுமினியத்தை அரித்த வேலை அது. பாலிஷ் போட்டால் போகாது. அரிப்பு கிளியர் கோட்டுக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது. நான்கு சக்கரங்களின் பெயின்டையும் முழுவதும் எடுத்து, புதிதாக அடிக்கக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேண்டாமென்றால் உரித்துவிடலாம், சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது என்றுதானே பெயின்ட்டை விட்டு வினைலுக்கு வந்தோம்? இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

முகப்பை இயந்திரத்தில் கடைந்து பளபளப்பாக்கிய சக்கரங்களில் ஆபத்து இன்னும் அதிகம். கடைந்த பகுதியில் நிறப் பூச்சே கிடையாது. வெற்று அலுமினியத்தின் மேல் கிளியர் கோட் மட்டும்தான்.

இதற்கு வழி நைஃப்லெஸ் டேப். உள்ளே மெல்லிய இழை ஓடும் டேப் அது. வெட்டு விழ வேண்டிய இடத்தில் முதலில் அதை ஒட்டி, மேலே வினைலை ஒட்டி அழுத்திவிட்டு, இழையை இழுத்தால் வினைல் அடியிலிருந்து வெட்டுப்படும். உலோகத்தின் பக்கம் கூர்மையான எதுவும் போகாது. வளைவுகளில் ஒட்டப் பொறுமை வேண்டும்தான். டேப் போக முடியாத இடுக்குகளுக்குத் துண்டை வெளியிலேயே அளவாக வெட்டிக்கொண்டு வாருங்கள்.

நட் உட்காரும் குழி

இங்கே விளையாட்டு வேண்டாம். நட் அழுந்தும் பரப்பிலும், சக்கரத்தின் பின்புறம் ஹப்போடு, அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சுமுனையோடு, ஒட்டும் முகத்திலும் துளி வினைல்கூட இருக்கக் கூடாது. அழுத்தத்திலும் சூட்டிலும் வினைல் நசுங்கி மெலியும். மெலிந்த அளவுக்கு நட்டின் பிடி தளரும். சக்கரத்தை மாட்டும்போது காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

இழுத்துப் போர்த்துவது

ஹீட் கன் ஊதும் சூடான காற்று பட்டதும் வினைல் குழைந்து சொன்னபடி கேட்கும். பள்ளத்தின் மேல் இழுத்து ஒட்டி உள்ளே அழுத்தினால் அழகாகப் படியும். மறுநாள் காலையில் மேளத்தோல்போல விறைத்து மேலே எழும்பி நிற்கும். வினைலுக்கு ஞாபகசக்தி அதிகம். முதலில் பள்ளத்தில் தளர்வாக உட்கார வைத்து, அங்கிருந்து மேட்டை நோக்கிப் போக வேண்டும். ஒட்டி முடித்தபின் விளிம்புகளையும் இழுபட்ட இடங்களையும், ஃபிலிம் தயாரித்தவர் சொல்லும் வெப்பநிலைக்கு மறுபடி சூடாக்குங்கள். பெரும்பாலும் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் வரும். கையை வைத்து மதிப்பிடாமல் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒரே துண்டில் முடித்தேன் என்று பெருமையடிப்பதைவிட, இரண்டு துண்டுகளைச் சற்றே மேலேற்றி ஒட்டுவது எனக்குப் பிடித்த வழி. மண்டியிட்டுப் பார்த்தால்தான் இணைப்பு தெரியும். யார் மண்டியிடப் போகிறார்கள்?

மலிவான ஃபிலிம்

'காஸ்ட்' (cast, திரவமாக ஊற்றி வார்த்த) வகை இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அதிவேகத் தண்ணீர்

விளிம்பை நோக்கிப் பீய்ச்சாதீர்கள்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது

முதலில் ஒட்டும் சக்கரம்தான் நான்கிலும் மோசமாக அமையும். அது பின்சக்கரமாக இருக்கட்டும். பிரேக்கின் பாரம் பெரும்பாலும் முன்பக்கத்தில் விழுவதால் பின்னால் சூடும் தூசியும் குறைவு. இதை நான் சொன்னபோது பையன் முன்சக்கரம் ஒன்றை முடித்தே விட்டிருந்தான். ஓர் ஆரக்காலில் மட்டும் வினைலை உரித்துவிட்டு, வெட்டிய இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். மூன்று இடங்களில் நகம் மாட்டியது. அவன் ஒன்றும் பேசாமல் பிளேடை உள்ளே தள்ளி மூடிவைத்தான்.