தரையைப் பார்க்காதீங்க சார்

விமானப்படையில் 20 வருஷம் டெக்னீஷியன். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்த கைதான், ஆனால் ஓட்டிய மணிக்கணக்கு பூஜ்யம், அதனால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்கிற 200 மணி நேரத்தை (அதில் 100 மணி விமானத்துக்கு முழுப் பொறுப்பேற்கும் விமானியாக) முதலிலிருந்தே சேர்க்க வேண்டியிருந்தது. மெட்டியராலஜி (வானிலை), நேவிகேஷன் (வழிகண்டறிதல்) தாள்களில் 70 சதவீதம் வாங்குவது பெரிய பாடாக இல்லை. படுத்தி எடுத்தது லேண்டிங்.

செஸ்னா 172, சின்னப் பயிற்சி விமானம். ஓடுபாதைக்கு மேல் ஒன்று சீக்கிரமே மூக்கைத் தூக்கி மிதப்பேன், இல்லையென்றால் தாமதமாக இழுப்பேன், தொம்மென்று விழுந்து துள்ளும். அந்த அடியில் முன்சக்கரத்து ஸ்ட்ரட் (அதிர்ச்சியைத் தாங்கும் கால்) என்ன ஆகியிருக்கும் என்று டெக்னீஷியன் மூளை உடனே கணக்குப் போடும், அடுத்த சுற்றில் பயம் இன்னும் கூடும். பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறக்கிற சோலோ தள்ளிக்கொண்டே போனது.

பயிற்சியாளர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒருநாள், "சார், நீங்க மூக்குக்கு முன்னாடி இருக்கற தரையையே பார்க்கறீங்க, தரையைப் பார்க்காதீங்க, ஓடுபாதையோட கடைசி முனையைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். கிட்டத்துத் தரை கோடாக ஓடிவிடும், உயரம் பிடிபடாது. தூர முனையில் கண் இருந்தால் தரை மேலெழுந்து வருவது ஓரக்கண்ணில் தானாகத் தெரிகிறது.

அப்புறம் வேகம். பயத்தில் 75 நாட்ஸில் வந்துகொண்டிருந்தேன், 65-க்குக் கொண்டுவந்ததும் மிதப்பது நின்றது.

அடுத்த வாரம் ஆறு லேண்டிங்கில் ஒன்றுதான் துள்ளியது. அந்தப் பழியைக் குறுக்குக்காற்றின் மேல் போட்டுவிட்டேன்.