கொழும்பு இன்டர்வியூவுக்கு ரயில் ஏற முதல் இத கேளுங்க

திருகோணமலையில இருந்து கொழும்பு கம்பெனிகளுக்கு அப்ளை பண்ணுற பிள்ளைகள், எச்.ஆர். முதல் கோல் எடுக்கேக்கயே மொத்தம் எத்தின ரவுண்ட், எது சூமில, எதுக்கு நேர வரோணும், முடிவு எப்ப எண்டு கேட்டு அதையே ஒரு ஈமெயிலாவும் போட்டு வைங்க, கேட்டா குறைவா நினைப்பாங்களோ எண்டு பயப்படாதீங்க. என்னை ஒரு இடத்தில டெஸ்ட், மனேஜர், பிறகு பெரிய மனேஜர் எண்டு மாசக்கணக்கா இழுத்தாங்க, ஒவ்வொருக்காவும் ராத்திரி ரயில்ல போய் விடிய கொழும்பு கோட்டை ஸ்டேசன்ல இறங்கி முகம் கழுவிட்டு ஓடுறது உடம்புக்கும் காசுக்கும் பெரிய அடி. ரெண்டு ரவுண்டுக்கு நேர வரத்தான் வேணுமெண்டா ரெண்டையும் ஒரே நாளில வைக்கச் சொல்லுங்க, தூரத்த விளங்கப்படுத்தினா ஒத்துக்கொள்ளுற ஆக்களும் இருக்கினம். வேலை கிடைச்சிட்டு எண்டு போன்ல சொன்னாலும் ஒபர் லெட்டர் கைக்கு வரும்வரை இப்ப செய்யிற வேலைய விட்டுடாதீங்க.