‘டியூன்’ கையில் எடுத்தவர்கள் எங்கே இடறுகிறார்கள்?

படம் பார்த்த சூட்டோடு ‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலை வாங்குபவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமும் இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ‘ரெண்டு பாகம் பார்த்தாச்சு, நேரா மூணாவது புத்தகத்துக்குப் போயிடலாம்’ என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். 2021லும் 2024லும் வந்த இரண்டு படங்களும் சேர்ந்தே முதல் நாவல் ஒன்றைத்தான் சொல்கின்றன. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்டது அது. மூன்றாவது புத்தகத்தில் போய்க் குதித்தால் யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடாது.

இதற்கு நேர்மாறாக, ரொம்ப ஒழுங்கானவர்கள் கதை நடக்கும் காலவரிசைப்படி படிக்கிறேன் பேர்வழி என்று முன்கதையில் தொடங்குகிறார்கள். டியூன் முன்கதைகளை எழுதியவர் ஹெர்பர்ட்டே இல்லை. அவர் 1986இல் காலமாகிவிட்டார். மகன் பிரையனும் கெவின் ஆண்டர்சனும் 1999 முதல் எழுதியவை அவை. அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரிலும் முதல் புத்தகம் 1951, அதன் முன்கதை 1988. முன்கதை எழுதுகிறவர், நமக்குப் பின்கதை தெரியும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறார். அதனால் பெரிய முடிச்சுகளைப் போகிற போக்கில் அவிழ்த்துவிடுவார். வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். அட்டையில் 1 என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாமல், உள்ளே முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள்.

அப்புறம், டியூனின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. புரியாத பெயர் வரும்போதெல்லாம் அங்கே ஓடினால் முதல் அத்தியாயத்தையே தாண்ட முடியாது. கதையின் நாயகன் பால் என்கிற பையனுக்கும் கதை நடக்கும் பாலைவனக் கிரகம் புதிதுதான். அவன் தெரிந்துகொள்ளும்போது நீங்களும் தெரிந்துகொண்டால் போதும்.

பாலைவனக் கதை நமக்கெதற்கு என்று டெல்டாக்காரர் ஒதுக்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. அந்தப் பாலைவன மக்களின் தலைவன் ஸ்டில்கர், பாலின் அப்பாவான பிரபுவைப் பார்க்க வந்த இடத்தில் அவர் மேசைமேல் எச்சில் துப்புகிறான். சுற்றியிருப்பவர்கள் கொதித்துப்போகிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவன்தான் தடுத்து, உடம்பின் ஈரத்தைக் காணிக்கையாகக் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறான். அவனும் பதிலுக்கு மேசைமேல் துப்புகிறான். தண்ணீர் இல்லாத இடத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா என்று பார்த்துக் குறுவைக்கு நாற்று விடுகிறவரும், முறை வைத்துத் தண்ணீர் விட்டால் கடைமடைக்கு வந்து சேருமா என்று வாய்க்கால் கரையில் நிற்கிறவரும் இந்தக் காட்சியைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மிகுபுனைவில் (ஃபேன்டஸி) வேறு மாதிரி சறுக்கல். எல்லோரும் பேசுகிறார்களே என்று எடுத்த எடுப்பில் 14 பாக ‘வீல் ஆஃப் டைம்’ தொடரைத் தொடங்கி, நாலாவதில் மூச்சு வாங்கி நிறுத்துவார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையை எழுதிய ஜார்ஜ் மார்ட்டினின் பெரிய தொடரில் ஐந்தாம் புத்தகம் 2011இல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை. தெரிந்தே இறங்கினால் சரி. முதல் தடவை என்றால் அறிவியல் புனைவில் டெட் சியாங்கின் சிறுகதைகள், மார்த்தா வெல்ஸின் ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ (2017) குறுநாவல் என்று சின்னதாகப் பிடியுங்கள். மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போய்வருவதற்குள் ஒரு கதையாவது முடியும்.

தமிழில் படிப்பவர்கள் செய்வது இன்னொன்று. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021-22 காலத்தில். இப்போது அதை எடுத்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று டிக் அடித்துக்கொண்டே போகிறார்கள். ஜோசியமா பார்க்கிறோம்? பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதிக்குக் காத்திருக்கும் நிலாவும், புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோவும் அந்த மார்க் ஷீட்டில் காணாமலே போய்விடுவார்கள். இதன் தொடர்ச்சிதான் ‘மீண்டும் ஜீனோ’. நூலக அலமாரியில் அது முதலில் கைக்குக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். முதல் புத்தகத்தின் முடிவு அதில் தெரிந்துவிடும்.