பழைய டர்போ கார்ல பிக்கப் போயிடுச்சா? டர்போவ கழட்டுறதுக்கு முன்னாடி இத பாருங்க

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மூணாவது கியர்ல நல்லா மிதிக்கிறேன், வண்டி போகவே மாட்டேங்குது, பின்னாடி கருகருன்னு புகை. 12 வருஷம் ஓடின டீசல் கார். ஒர்க்‌ஷாப்ல பானெட்ட தூக்கி அஞ்சு நிமிஷம்கூட பாக்கல, "டர்போ போச்சு சார், 45,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. டர்போன்னா புகையோட வேகத்துல சுத்தி, இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்புற பொருள். மனசு கேக்காம வேற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினா, டர்போ காத்த ஆற வைக்கிற இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ்ல அடிப்பக்கமா ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். டர்போல ஒண்ணுமே இல்ல. அதுலேர்ந்து யார் கேட்டாலும் நான் சொல்றது, டர்போவ கடைசியா சந்தேகப்படுங்க, அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு, பாதி நீங்களே பாத்துடலாம்.

மொதல்ல புகைய பாருங்க. கருப்பா வந்தா டீசல் போற அளவுக்குக் காத்து உள்ள போகலன்னு அர்த்தம், ஹோஸ் கிழிசல், ஏர் ஃபில்டர் அடைப்பு, புகையில ஒரு பகுதிய திரும்ப இன்ஜினுக்கே அனுப்புற இஜிஆர் வால்வு திறந்தபடியே மாட்டிக்கிறதுன்னு எதுவா வேணா இருக்கலாம். நீலமா வந்தா இன்ஜின் ஆயில் எரியுது. வெள்ளையா வந்து டீசல் வாசன அடிச்சா டீசல உள்ள பீச்சுற இன்ஜெக்டர் பக்கம் போங்க, வெள்ளைப் புகையோட கூலன்ட்டும் கொறஞ்சிட்டே வந்தா இன்ஜின் மேல்பகுதிய அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அப்படி இருந்தா வண்டிய ஓட்டாதீங்க. கூலன்ட் மூடிய இன்ஜின் நல்லா ஆறின அப்புறம்தான் தொறக்கணும். புகையே இல்லாம இழுவை மட்டும் இல்லன்னா டீசல் ஃபில்டர எப்ப மாத்தினோம்னு யோசிங்க.

அடுத்து ஹோஸ், இதுக்குக் கொஞ்சம் பொறும வேணும். டர்போலேர்ந்து இன்டர்கூலர், அங்கேர்ந்து இன்டேக், இந்த முழு வழியயும் கையால தடவிப் பாக்கணும், முக்கியமா கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம். நம்ம ஊர் வெயில்லயும் இன்ஜின் சூட்டுலயும் ரப்பர் காஞ்சு வெடிச்சிடும். உள்ள லேசா ஆயில் ஈரம் இருந்தா பயப்படாதீங்க, இன்ஜின் உள்ள சேர்ற ஆவிய வெளிய விடுற ப்ரீதர் வழியா கொஞ்சம் ஆயில் ஆவி வர்றது சகஜம். ஆனா ஹோஸுக்கு வெளிய ஒரு எடத்துல மட்டும் ஆயிலும் தூசியும் சேந்து பிசுபிசுன்னு அப்பியிருந்தா அங்கதான் காத்து வெளிய போகுது. ஐடிலிங்ல, அதாவது மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடும்போது, சோப்புத் தண்ணி ஊத்திட்டு குமிழி வரலியேன்னு விட்றாதீங்க, ஐடிலிங்ல டர்போ அழுத்தமே பெருசா இருக்காது, என் ஹோஸ் கிழிசலும் லோடு வந்தாதான் வாய் பொளக்கும். இன்ஜின ஆஃப் பண்ணி, டர்போவுக்குக் காத்து உள்ள போற இன்லெட்ட ஒரு மூடியால அடச்சு, அது வழியா 10 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காத்து குடுத்தா புஸ்ஸுன்னு சத்தம் வர்ற எடம் தெரிஞ்சிடும். அதுக்கு மேல ஏத்தாதீங்க, சீல் போயிடும். மிதிக்கும்போது முன்னாடி இல்லாத ஒரு விசில் சத்தம் புதுசா கேட்டாலும் மொதல்ல ஹோஸையும் கிளாம்பையும்தான் பாக்கணும்.

பென்சில் மொத்தத்துல ஓடுற சின்ன வேக்யூம் ட்யூப்களயும் விடாதீங்க. டர்போ அழுத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற ஆக்சுவேட்டர் வேக்யூம்ல இயங்குற வண்டில, இன்ஜின் ஸ்டார்ட் ஆனா அதோட கம்பி நகரணும், ஆஃப் பண்ணா திரும்பி வரணும். நகரலன்னா ட்யூப் வெடிச்சிருக்கும், இல்ல வேக்யூம கட்டுப்படுத்துற சொலினாய்டு போயிருக்கும், இல்ல டர்போ உள்ள கரி புடிச்சு இறுகியிருக்கும், ட்யூப்தான் இருக்கறதுலயே மலிவு, அதுலேர்ந்து ஆரம்பிங்க.

ஸ்கேனர் இருந்தா வேலை பாதி கொறயும். 2010 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டிகளுக்கு இங்க ஓபிடி, அதாவது வண்டி தன்னோட கோளாற தானே கண்டுபிடிச்சு கோடா காட்டுற வசதி, கட்டாயம் இல்ல, அதனால சில பழைய கார்ல புளூடூத் ஸ்கேனர் கனெக்ட் ஆகாது. ஆச்சுன்னா, பி 0299 கோடு வந்தா டர்போ அழுத்தம் பத்தலன்னு மட்டும்தான் அர்த்தம், டர்போ செத்துடுச்சுன்னு இல்ல, இத நல்லா மனசுல வச்சுக்கோங்க. பி 0101 வந்தா காத்த அளக்குற மேஃப் சென்சார் பக்கம், பி 0401 வந்தா இஜிஆர் பக்கம். இன்ஜின் ஓடாம சாவி மட்டும் ஆன்ல இருக்கும்போது இன்டேக்ல காத்து அழுத்தத்த அளக்குற மேப் சென்சார் ரீடிங்க பாருங்க, சென்னை கடல் மட்டத்துல இருக்கறதால 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்துல காட்டணும். அப்புறம் காலியான ரோட்டுல, வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி ரோடு அதிகாலைல நல்லா இருக்கும், பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு அவர ரீடிங் பாக்கச் சொல்லிட்டு மூணாவது கியர்ல 1,500 ஆர்பிஎம்லேர்ந்து முழுசா மிதிங்க. நல்லா இருக்கற டீசல் வண்டி பெரும்பாலும் 200 கிலோபாஸ்கல் பக்கம் தொடும், 120லயே நின்னா அழுத்தம் ஏறல, காத்து எங்கயாவது வெளிய போகலாம்.

தெனமும் வடபழனி ட்ராஃபிக்ல ஊர்ந்தே போற வண்டில இஜிஆர்ல கரி சேரும், கழட்டி கிளீன் பண்ணாலே பல வண்டி பழைய இழுவைக்கு வந்துடும்.

இதெல்லாம் சரியா இருந்தாதான் டர்போ. இன்ஜின் ஆறினதும் இன்லெட் ஹோஸ கழட்டி, டர்போவோட இறக்கை மாட்டியிருக்கற ஷாஃப்ட்ட விரலால ஆட்டுங்க. பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கலாம், உள்ள வெளிய இழுத்தா ஆட்டம் தெரியக் கூடாது, இறக்கை ஹவுசிங்ல, அதாவது வெளிக்கூட்டுல, உரசியிருக்கவே கூடாது. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற பொருள், உரச ஆரம்பிச்சா ரொம்ப நாள் தாங்காது.

நீலப் புகை அடர்த்தியா வந்து ஆர்பிஎம் தானா ஏறினா அது ஆபத்து, இன்ஜின் தன்னோட ஆயிலையே குடிச்சு ஓடுது, சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காது. பிரேக்க அழுத்திப் புடிச்சு, டாப் கியர் போட்டு, கிளட்ச்ச விட்டு ஆஃப் ஆக வைங்க. கைய இன்டேக் கிட்ட கொண்டு போகாதீங்க.

டர்போ மாத்தித்தான் ஆகணும்னா பழசு ஏன் போச்சுன்னு மெக்கானிக்கிட்ட கேளுங்க. ஆயில் போற பைப்புல கரி அடச்சிருந்தா புதுசும் சீக்கிரமே போயிடும், அதனால அந்த பைப், ஆயில், ஆயில் ஃபில்டர் மூணையும் கூடவே மாத்தச் சொல்லுங்க, இன்டர்கூலர கழட்டி உள்ள கெடக்கற ஆயிலயும் இரும்புத் துணுக்கையும் கிளீன் பண்ணச் சொல்லுங்க. மாட்டினதும் டர்போவோட ஆயில் ஓட்டைல கொஞ்சம் புது ஆயில ஊத்திட்டு, ஸ்டார்ட் பண்ணி சில நிமிஷம் ஐடிலிங்லயே விடணும், ரேஸ் பண்ணவே கூடாது. இத பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க.