ஐந்தாவது நகர்த்தலில் குதிரையால் வெட்டாதீர்கள்: இரு குதிரைத் தடுப்பு

போன ஞாயிறு சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து என் அக்கா மகன் கறுப்புக் காய்களில் சதுரங்கம் ஆடினான். ஏழாவது நகர்த்தலிலேயே அவன் ராஜா பலகை நடுவுக்கு வந்துவிட்டது. "எங்க மாமா தப்பு பண்ணேன்?" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பலகையை விரித்துக் காய்களை நகர்த்திக்கொண்டே படியுங்கள்.

1. வெள்ளைச் சிப்பாய் இ4 (கட்டத்தின் பெயர்: எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எத்தனையாவது வரி), கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இந்தத் தொடக்க முறைக்கு இத்தாலியன் ஓப்பனிங் என்று பெயர். கறுப்பு அடுத்த குதிரையையும் எஃப்6-இல் வைத்தால் இரு குதிரைத் தடுப்பு.

2. வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவும். இப்போது பிஷப், குதிரை இரண்டின் குறியும் எஃப்7 சிப்பாய்தான். அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. உடனே டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி பிஷப்பின் வழியை மறியுங்கள். வெள்ளை அதை இ4 சிப்பாயால் வெட்டும்.

3. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். இலவசமாக ஒரு சிப்பாய் நிற்கிறதே என்று கை தானாக எஃப்6 குதிரையை எடுக்கும். அவனும் அப்படித்தான் வெட்டினான். வெள்ளை தன் குதிரையைப் பலி கொடுத்து எஃப்7-ஐ வெட்டியது. அங்கிருந்து ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் மிரட்டுவதால் ராஜாதான் அதை வெட்டியாக வேண்டும். அப்புறம் வெள்ளை ராணி எஃப்3-இல் செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, பலகையின் நட்ட நடுவுக்கு, ஏறுகிறது. வெள்ளையின் இன்னொரு குதிரையும் சி3-க்கு வந்து டி5-ஐ மூன்றாவது முறையாகத் தாக்கும். இதன் பெயரே 'வறுத்த ஈரல்' தாக்குதல். நன்றாகப் பழகியவர்கள் இதையும் தாக்குப்பிடிப்பார்கள். புதிதாக ஆடுபவருக்கு மிகவும் கடினம்.

4. சரி, என்ன செய்வது? சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குங்கள். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்த இடத்தில் அது பொருந்தாது. பிஷப் பி5-இல் செக் வைத்தால் சி6-இல் சிப்பாயை நிறுத்துங்கள். டி5 சிப்பாய் அதை வெட்டும், நீங்கள் பி7 சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். பிஷப் மறுபடியும் தாக்கப்படும், பெரும்பாலும் நகர்ந்துவிடும். ஒரு சிப்பாய் குறைவுதான். ஆனால் வெள்ளையின் காய்கள் பின்வாங்கும் நேரத்தில் உங்கள் காய்கள் வெளியே வந்துவிடும். எனக்கு எப்போதும் கறுப்பின் பக்கம்தான் பிடிக்கும்.

அன்று அங்கேயே நான்காவது நகர்த்தலிலிருந்து திரும்ப அடுக்கினோம். இந்த முறை அவன் கை எஃப்6 பக்கம் போய், நின்று, ஏ5-க்குத் திரும்பியது.